பெயரில்லாத வடிவம்: ஜெம் கிளிப்பின் தோற்றமும் நிலைபேறும்

கேள்வி

உதிரித் தாள்களைப் பிடித்து வைக்கும் எளிய உலோகப் பிடிகளில் உலகம் முழுக்கப் பரவி நிலைத்திருப்பது ஒரே ஒரு வடிவம். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி. அதில் மூன்று வளைவுகள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள். நம் ஊர்க் கடைகளில் இதை ஜெம் கிளிப் என்று கேட்டு வாங்குகிறோம். ஸ்வீடனில் இதன் பெயரே ஜெம். அந்தப் பெயர் ஒரு காலத்தில் வணிகக் குறியாக இருந்தது என்பதை இன்று அநேகமாக எவரும் நினைப்பதில்லை.

இந்த வடிவத்துக்கு யாரும் காப்புரிமை பெறவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தாள் பிடிகளுக்கென்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏராளமான காப்புரிமைகள் வழங்கப்பட்டன. அப்படிப் பதிவான வடிவங்களில் பெரும்பாலானவற்றை இப்போது சேகரிப்பாளர்களிடம்தான் பார்க்க முடியும். பதிவே ஆகாத ஒன்று மேசைதோறும் கிடக்கிறது.

இதற்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, நோர்வே நாட்டுக்காரர் ஒருவர் இதைக் கண்டுபிடித்தார் என்பது. மற்றொன்று, முந்தைய பிடிகளின் குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்து வந்ததில் இறுதியாகக் கிடைத்த செம்மையான வடிவம் இது என்பது. முதலாவது சான்றுகளுக்கு முரணானது. இரண்டாவது பாதி உண்மை. ஜெம் கிளிப்புக்குக் குறைகள் உண்டு. அவை நூறாண்டுக்கு மேலாக எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைத் தீர்த்த வடிவங்களும் சந்தைக்கு வந்தன. ஆனாலும் ஜெம் அசையவில்லை. அதன் குறைகளின் விலையை யார் கொடுக்கிறார்கள், அதன் சிக்கனத்தின் லாபம் யாருக்குப் போகிறது என்று பார்த்தால்தான் இந்த நிலைபேறு விளங்கும் என்பது என் வாதம்.

குண்டூசியின் காலம்

கிளிப்புக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது குண்டூசி. ஆதம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நூலில் வேலைப் பிரிவினைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டது குண்டூசித் தொழிலைத்தான். ஏறக்குறைய 18 தனித்தனி வேலைகளைப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் ஒரு நாளில் 48,000 ஊசிகள் செய்யலாம் என்று அவர் கணக்கிட்டார். 1830களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஜான் ஹவ் என்ற மருத்துவர் அந்த வேலைகளை ஒரே இயந்திரத்துக்குள் கொண்டுவந்தார். குண்டூசி மலிந்தது. அலுவலக எழுத்தர்கள் அதைக் கணக்குப் பார்க்காமல் செலவிட்டார்கள்.

அதன் குறைகளைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. விரலைக் குத்தும். தாளில் துளை விழும். ஒரே மூலையில் பலமுறை குத்தி எடுத்தால் அந்த மூலை நைந்துபோகும். ஈரம் பட்டால் துளையைச் சுற்றித் துருக்கறை படியும். இந்தக் குறைகள் புதியவை அல்ல. தலைமுறை தலைமுறையாக எழுத்தர்கள் அவற்றோடு வாழ்ந்தவர்கள். அப்படியிருக்க, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மட்டும் மாற்றுப் பிடிகள் குவியக் காரணம் என்ன? குறை முன்பே இருந்தது. பொருள்தான் புதிதாக வந்தது. பெஸ்ஸமர் முறை 1856இல் அறிமுகமான பிறகு எஃகு மலிந்தது. சீரான தடிமனில் இழுத்த எஃகுக் கம்பியும் மலிந்தது. வளைத்தால் வளைந்த நிலையில் நிற்கவும், சற்றே விலக்கினால் பழைய நிலைக்குத் திரும்பவும் கூடிய கம்பி மலிவாகக் கிடைக்காதவரை இப்படி ஒரு பிடியை யாரும் பெருமளவில் செய்திருக்க முடியாது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. குண்டூசிக்கு ஒரு நற்குணம் உண்டு: அது நழுவாது. மேசைக்கு மேசை, துறைக்குத் துறை, ஆண்டுக்கணக்கில் பயணம் செய்யும் கோப்பில் ஒரு தாள் நழுவினால் வழக்கே திசைமாறலாம். நம் அரசு அலுவலகங்களில் குண்டூசியும், துளையிட்டுக் கோக்கும் டேக்கும் இத்தனை காலம் நீடிப்பதைப் பழமைப் பிடிப்பு என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. தாளைத் துளைக்காமல் பிடிப்பதா, துளைத்தாவது தவறவிடாமல் பிடிப்பதா என்ற தெரிவு கோப்பின் ஆயுளைப் பொறுத்தது.

சான்றுகள் காட்டுவது

வளைத்த கம்பிப் பிடிக்கு முதலில் காப்புரிமை பெற்றவராகக் குறிப்பிடப்படுபவர் அமெரிக்கரான சாமுவேல் ஃபே. ஆண்டு 1867. அவருடைய முதன்மை நோக்கம் துணியில் சீட்டுக் கட்டுவது. விலைச்சீட்டைக் குண்டூசியால் குத்தினால் மென்மையான துணி பழுதாகும் என்பதற்காகத்தான் அவர் கம்பியை வளைத்தார். தாள்களைச் சேர்க்கவும் இது உதவும் என்பது துணைக் குறிப்பாகவே வருகிறது. பத்தாண்டு கழித்து, 1877இல், எர்ல்மன் ரைட் பெற்ற காப்புரிமையில் உதிரித் தாள்களும் ஆவணங்களும் நேரடியாகப் பேசப்படுகின்றன. இந்த இரண்டு வடிவங்களும் ஜெம் அல்ல. ஃபேயின் வடிவத்தில் கம்பி தன்னைத்தானே குறுக்காகக் கடக்கிறது. ஜெம்மில் அப்படி எங்குமே நிகழாது. இந்த வேறுபாடு அற்பமானதல்ல. பின்னால் இதற்குத் திரும்புவோம்.

ஜெம் வடிவத்தின் பிறப்பைத் தேடுபவர்கள் வழக்கமாக மூன்று நான்கு சான்றுகளைக் காட்டுவார்கள். அவற்றின் எடை ஒன்றுக்கொன்று வேறானது. டியூக் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹென்றி பெட்ரோஸ்கி இந்தப் பொருளை விரிவாக ஆராய்ந்தவர். பிரிட்டனின் ஜெம் மானுஃபாக்சரிங் கம்பெனியை இதன் பிறப்பிடமாக அவர் கருதினார். இதற்குத் துணையாகக் காட்டப்படுவது 1883இல் வெளிவந்த ஒரு கட்டுரை. ஜெம் என்ற பெயருள்ள தாள் பிடி சாதாரண ஊசியைவிட மேலானது, கடிதக் கட்டையும் கையெழுத்துப் படியையும் சேர்த்து வைக்க ஏற்றது என்று அது பாராட்டுகிறது. ஆனால் அந்தக் கட்டுரையில் படம் இல்லை. பெயர் அங்கே இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய உருவம் நாம் அறிந்த இரட்டை வளையம்தானா என்பதை அதிலிருந்து நிறுவ முடியாது. வணிகப் பெயர்கள் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது வழக்கம்தான்.

உருவத்துக்கான உறுதியான சான்று 1890களில்தான் கிடைக்கிறது. 1893ஆம் ஆண்டு விளம்பரம் ஒன்றில் இன்றைய வடிவம் படமாக வருகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த குஷ்மன் அண்டு டெனிசன் நிறுவனம் 1904இல் ஜெம் என்ற பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்தபோது, 1892 மார்ச் முதல் அதைப் பயன்படுத்தி வருவதாகத் தெரிவித்தது. இந்த இரண்டு சான்றுகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

என் பார்வையில் இவற்றைவிடக் கனமான சான்று 1899ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கனெக்டிகட்டின் வாட்டர்பரி நகரைச் சேர்ந்த வில்லியம் மிடில்புரூக் அந்த ஆண்டு நவம்பரில் ஒரு காப்புரிமை பெற்றார். அது கிளிப்புக்கானது அல்ல, கிளிப் செய்யும் இயந்திரத்துக்கானது. அந்த இயந்திரத்திலிருந்து வெளிவரும் பொருளும் வரைபடத்தில் இருக்கிறது. அது ஐயத்துக்கு இடமில்லாத ஜெம். அந்த உருவத்துக்கு மிடில்புரூக் உரிமை கோரவில்லை. ஏற்கெனவே சந்தையில் பழகிய உருவம் என்பதால்தான் கோரவில்லை என்று ஊகிக்கலாம். வடிவம் பொதுச்சொத்தாகிவிட்டது, அதை வேகமாகச் செய்யும் வழிக்குத்தான் இனி மதிப்பு என்று அவர் கண்டுகொண்டார். அந்த உரிமையைப் பின்னர் குஷ்மன் அண்டு டெனிசன் வாங்கியது. வாட்டர்பரி பித்தளைக்கும் சிறு உலோகப் பொருள்களுக்கும் பேர்போன ஊர். ஜான் ஹவ் குண்டூசி ஆலை வைத்திருந்த டெர்பியும் அதே நாகடக் ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. கம்பியை இழுத்து, வெட்டி, வளைக்கத் தெரிந்த கைகளும் பட்டறைகளும் இரண்டு தலைமுறையாக இருந்த இடத்தில்தான் இந்த இயந்திரம் பிறந்தது. கண்டுபிடித்தவர் ஒருவரின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டுமென்றால், மிடில்புரூக்கின் பெயரைத்தான் நான் சொல்வேன்.

நோர்வேயின் கதை

யோஹான் வோலர் 1866இல் பிறந்தவர். அன்று கிறிஸ்டியானியா எனப்பட்ட ஓஸ்லோவில் தனியார் காப்புரிமை முகமை ஒன்றில் பணியாற்றினார். மிடில்புரூக்குக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1899 நவம்பரில் ஜெர்மனியில் தாள் பிடி ஒன்றுக்கு விண்ணப்பித்தார். அமெரிக்கக் காப்புரிமை 1901 ஜூனில் கிடைத்தது. கம்பியைச் செவ்வகமாகவோ முக்கோணமாகவோ வளைத்து, அதன் இரு முனைகளும் எதிரெதிர்த் திசையில் அருகருகே கிடக்கும்படி அமைப்பது அவருடைய யோசனை. பல உருவங்களை வரைந்து காட்டியிருக்கிறார்; எதிலும் உள் வளையம் இல்லை.

இது சிறு விடுபடல் போலத் தோன்றும். ஆனால் அந்த உள் வளையம்தான் ஜெம்மை ஜெம்மாக்குகிறது. அது நாக்குப்போல நீண்டு, தாள்களின்மேல் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. கம்பியின் நீளத்தைக் கூட்டி, விசையைப் பரவலாக ஏற்கிறது. வோலரின் பிடியில் இரண்டு முனைகளுக்கிடையே தாளைத் திணிக்க வேண்டும். பிடிக்கும் நீளமும் குறைவு. அதை எந்த நிறுவனமும் தயாரிக்கவில்லை. காப்புரிமை சத்தமின்றிக் காலாவதியானது. வோலர் 1910இல் இறந்தார். தாள் பிடியைக் கண்டுபிடித்தவர் என்று அவர் தம்மைக் கருதியதாகவோ பிறர் அவரைக் கருதியதாகவோ அப்போது எந்தப் பேச்சும் இல்லை.

பிறகு எப்படி அவர் தேசியக் கண்டுபிடிப்பாளர் ஆனார்? 1920களில் நோர்வே காப்புரிமை அலுவலகத்தின் பொறியாளர் ஒருவர் ஜெர்மனி சென்றபோது வோலரின் பதிவைப் பார்த்து, அதைப் புழக்கத்திலிருந்த கிளிப்பின் பதிவென்றே எடுத்துக்கொண்டார். வேறுபாட்டை அவர் கவனிக்கவில்லை. அவருடைய அறிக்கையிலிருந்து செய்தி கசிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது கலைக்களஞ்சியங்களில் ஏறியது.

நடுவில் வந்த போர்தான் கதைக்கு உயிர் கொடுத்தது. 1940இல் நாட்சி ஜெர்மனி நோர்வேயை ஆக்கிரமித்தது. மன்னர் ஏழாம் ஹாகோனின் முத்திரையை அணிவதற்குத் தடை வந்தபோது, ஓஸ்லோ பல்கலைக்கழக மாணவர்கள் கோட்டின் மடிப்பில் தாள் கிளிப்பைச் செருகிக்கொண்டார்கள். நாங்கள் ஒன்றாகப் பிணைந்திருக்கிறோம் என்பது அதன் பொருள். ஆக்கிரமிப்பு அதிகாரம் அதையும் குற்றமாக்கியது. துணிவான செயல் அது. அதை எவ்வகையிலும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 'கிளிப் நம் நாட்டவரின் படைப்பு என்பதால் அணிந்தார்கள்' என்று பின்னாளில் சேர்க்கப்பட்ட விளக்கம் ஒட்டவில்லை. வோலரின் பெயர் அன்று மக்களிடையே புழங்கவே இல்லை. வோலர் ஜெர்மனிக்குப் போனதற்குக் காரணம் அன்று நோர்வேயில் காப்புரிமைச் சட்டமே இல்லாததுதான் என்று அடிக்கடி எழுதப்படுவதும் தவறு. நோர்வே 1885இலேயே அந்தச் சட்டத்தை இயற்றிவிட்டது.

கதை வேரூன்றிய விதத்தை இரண்டு பொருள்கள் காட்டுகின்றன. 1989இல் ஓஸ்லோவுக்கு அருகே சாண்ட்விகாவில் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரக் கிளிப் சிற்பம் வோலரின் நினைவாக நிறுவப்பட்டது. 1999இல் நோர்வே அஞ்சல் துறை ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. பின்னணியில் வோலரின் ஜெர்மன் காப்புரிமைத் தாள், முன்னால் கிளிப். இரண்டிலும் இருப்பது வோலரின் வடிவமல்ல, ஜெம்மை ஒட்டிய வடிவம். அவரைக் கொண்டாடவே அவருடைய படைப்பை விட்டுவிட வேண்டியிருந்தது.

இந்தக் கதை நன்மையும் செய்திருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் விட்வெல் என்ற சிற்றூரின் நடுநிலைப்பள்ளி மாணவர்கள், நாட்சிகளால் கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களின் எண்ணிக்கையைக் கண்ணால் காண்பதற்காக 1998இல் கிளிப் சேர்க்கத் தொடங்கினார்கள். நோர்வே மாணவர்களின் செயல்தான் அவர்களுக்குத் தூண்டுதல். அந்த நினைவிடத்தின் பெறுமதி வோலரைப் பற்றிய பிழையால் குறைவதில்லை. வடிவத்தின் வரலாற்றை எழுதும்போது மட்டும் இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும்.

கம்பிக்குள் நடப்பது

ஒரு ஜெம் கிளிப்பைக் கையில் எடுத்து, உள்முனையிலிருந்து கம்பியின் போக்கை நகத்தால் பின்தொடர்ந்து பாருங்கள். நேராக ஓடுகிறது, அரைவட்டமாகத் திரும்புகிறது. மறுபடி நேர், மறுபடி அரைவட்டம். இன்னொரு முறை நேர், இன்னொரு அரைவட்டம். கடைசியாக ஒரு நேர்க்கால், பாதி வழியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. மூன்று திருப்பங்களும் ஒரே சுழற்சித் திசையில் இருக்கின்றன. அதாவது இது ஒன்றரைச் சுற்றுள்ள, நீள வாட்டில் அமுக்கப்பட்ட ஒரு சுருள். கம்பி எங்கும் தன்னைக் கடப்பதில்லை. முழுப் பொருளும் ஒரே தளத்தில் கிடக்கிறது.

தாளைச் செருகும்போது உள் வளையம் ஒரு பக்கமும் வெளி வளையம் மறுபக்கமும் போகின்றன. அந்தத் தளம் பிளக்கிறது. நேர்க்கால்கள் சற்றே வளையவும் முறுகவும் செய்கின்றன; பழைய நிலைக்குத் திரும்ப முயலும் அந்த விசைதான் தாளை அழுத்துகிறது. மீதியை உராய்வு பார்த்துக்கொள்கிறது. 1678இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி இங்கே முழுமையாகச் செல்லும்: விலகல் எவ்வளவோ, அதற்கேற்ற விசை. ஆனால் மீட்சி எல்லை வரைதான். ஒரு கட்டுக்கு மேல் தாள் வைத்தால் கம்பி திரும்பாது. வாய் பிளந்தபடியே நின்றுவிடும்.

முரண்பாடு ஒன்று இதற்குள் இருக்கிறது. பெட்ரோஸ்கியும் இதைச் சுட்டியிருக்கிறார். இந்தப் பிடியைச் செய்ய, கம்பி மீட்சி எல்லையைக் கடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வளைத்த வடிவம் நிற்காது. இதைப் பயன்படுத்தும்போதோ அதே கம்பி அந்த எல்லையைக் கடக்கவே கூடாது. எண்களைப் போட்டுப் பார்க்கலாம். கம்பியின் தடிமன் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். வெளி வளைவின் ஆரம் 3.5 மில்லிமீட்டர் என்று கொள்வோம். வளைவின் வெளிப்புறத்தில் உலோகம் நீளும் அளவு, பாதித் தடிமனை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும்: சுமார் 14 சதவீதம். இத்தகைய எஃகுக் கம்பியின் மீட்சி எல்லை கால் சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆக, இயந்திரத்தில் வளையும்போது கம்பி அந்த எல்லையைப்போல ஐம்பது மடங்கு தாண்டுகிறது. அதன் பிறகு ஆயுள் முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்கி வேலை செய்ய வேண்டும். கம்பி மிகக் கடினமாக இருந்தால் வளைவில் விரிசல் விடும், அல்லது வளைத்ததும் துள்ளித் திரும்பும். மிக மென்மையாக இருந்தால் தாளைப் பிடிக்காது. நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில்தான் ஜெம் வாழ்கிறது.

தடிமனைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். கம்பியின் விறைப்பு தடிமனின் நான்காம் படியில் ஏறும். இரட்டைத் தடிமன் என்றால் பதினாறு மடங்கு விறைப்பு. விரலால் திறக்கவே முடியாது. மாறாகக் கால்களின் நீளத்தைக் கூட்டினால் இளக்கம் கிடைக்கும். ஆனால் கம்பி அதிகம் செலவாகும். பெரிய கிளிப், சிறிய கிளிப் என்று கடையில் விற்கும் அளவுகளெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையே நடக்கும் பேரம்தான்.

குறைதான் வடிவத்தை வளர்க்கிறதா?

பெட்ரோஸ்கி 1992இல் வெளியிட்ட 'தி எவல்யூஷன் ஆஃப் யூஸ்ஃபுல் திங்ஸ்' என்ற நூலில் குண்டூசியிலிருந்து கிளிப் வரையிலான பயணத்துக்குத் தனி இயலே ஒதுக்கினார். பயன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்ற பழைய கோட்பாட்டை அவர் ஏற்கவில்லை. ஒரே பயனுக்கு எத்தனையோ வடிவங்கள் சாத்தியம். ஆகவே இருக்கும் பொருளின் குறையைக் கண்டு எரிச்சலடைபவர்தான் புதிய வடிவத்தைக் கொண்டுவருகிறார் என்பது அவர் வாதம். காப்புரிமை ஆவணங்களைப் படித்தால் இது உண்மைதான் என்று தெரியும். ஒவ்வொருவரும் முந்தியவரின் பிழையைச் சொல்லித்தான் தொடங்குகிறார்.

ஜெம்மின் பிழைகள் நாம் அறிந்தவை. ஒரு பக்கமாக மட்டுமே ஏறும். எந்தப் பக்கம் என்று பார்த்துத் திருப்ப வேண்டும். கழற்றும்போது வெட்டு முனை தாளைக் கீறும். தடித்த கட்டில் நிற்காது. டப்பாவுக்குள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வந்தது. 1934இல் ஹென்றி லாங்கனோ காப்புரிமை பெற்ற காதிக் கிளிப்பில் ஒரு முனை கூம்பாகவும், கால்கள் நீண்டும் இருக்கும். வெட்டு முனை தாளைக் கிழிக்கும் வாய்ப்பு அதில் குறைவு. ஆந்தையின் கண்கள்போல இரண்டு சுழிகள் கொண்ட அவுல் கிளிப் எளிதில் சிக்கிக்கொள்வதில்லை. வண்ணத்துப்பூச்சி போன்ற ஐடியல் கிளிப் தடித்த கட்டுகளையும் தாங்கும். நழுவாமலிருக்கக் கம்பியில் பற்கள் வெட்டிய வகையும் உண்டு.

இவை அனைத்தும் ஒவ்வொரு வகையில் ஜெம்மைவிட மேலானவை. ஆனால் ஒன்றுகூட ஜெம்மின் இடத்தைப் பிடிக்கவில்லை. பெட்ரோஸ்கியின் கோட்பாடு புதிய வடிவங்கள் ஏன் தோன்றுகின்றன என்பதை நன்றாக விளக்குகிறது. பழைய வடிவம் ஏன் நகர மறுக்கிறது என்ற இடத்தில் அது தடுமாறுகிறது. குறைதான் உந்துவிசை என்றால், இத்தனை குறைகளோடு ஜெம் எப்படி நின்றது?

விடை இயந்திரத்தின் பக்கம் இருக்கிறது. மிடில்புரூக்கின் இயந்திரமும் அதன் வழிவந்தவையும் செய்வது இதுதான்: சுருளிலிருந்து கம்பியை இழுத்து நேராக்கி, அளவாக வெட்டி, மூன்று முளைகளைச் சுற்றி அடுத்தடுத்து மூன்று முறை மடக்கி, கீழே தள்ளுவது. திருப்பங்கள் ஒரே திசையில் இருப்பதாலும், கம்பி தன்னைக் கடக்காததாலும் வேலை முழுவதும் ஒரே தளத்தில் முடிகிறது. நிமிடத்துக்குப் பல நூறு என்ற வேகம் இதனால்தான் கைகூடுகிறது. ஃபேயின் பிடியிலும் ஐடியல் கிளிப்பிலும் கம்பியை அந்தத் தளத்திலிருந்து தூக்கிக் குறுக்கே கொண்டுபோக வேண்டும். காதிக் கிளிப்பின் நீண்ட கால்களுக்குக் கம்பி கூடுதல். ஒரு கிளிப்பில் மிச்சமாகும் கம்பி அற்பம். கோடிக்கணக்கில் செய்யும் ஆலைக்கு அது அற்பமல்ல.

மறுபுறம், ஜெம்மின் குறை எங்கே விழுகிறது? ஒரு எழுத்தரின் ஒரு தாள் கீறும். ஒரு மாணவரின் கட்டிலிருந்து ஒரு பக்கம் நழுவும். அந்த இழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. டப்பாக் கணக்கில் கொள்முதல் செய்பவர் வேறு, கிளிப்பைக் கழற்றித் தாளைக் கிழித்துக்கொள்பவர் வேறு. லாபம் ஓரிடத்தில் திரண்டு நிற்கிறது, நட்டம் கண்ணுக்குத் தெரியாமல் சிதறிக் கிடக்கிறது என்னும்போது வடிவத்தைத் திருத்தும் அழுத்தம் உருவாவதே இல்லை.

மலிவு ஒன்றே போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. அதற்கு வோலரின் பிடியே மறுப்பு. உள் வளையம் இல்லாததால் அதற்குக் கம்பி குறைவாகவே பிடிக்கும். ஆனாலும் அது சந்தைக்கே வரவில்லை. போதுமான அளவுக்குப் பிடிக்காத பொருளை எந்த விலையிலும் விற்க முடியாது. வோலரின் பிடி வாசலைத் தாண்டவில்லை. காதிக் கிளிப் வாசலைத் தாண்டி வெகுதூரம் போனது. அந்தக் கூடுதல் தூரத்துக்குக் காசு கொடுக்க ஆளில்லை. ஜெம் வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டது. வடிவமைப்பு பற்றி எழுதுவோர் இதைக் குறையற்ற அழகு என்று போற்றுவது உண்டு. அந்த ஓவலுக்குள் ஓவலின் ஒழுங்கு எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அழகாக இருப்பதால் நிலைத்தது என்பதைவிட, நிலைத்துப் பழகியதால் அழகாகத் தெரிகிறது என்பதே சான்றுகளுக்கு நெருக்கமானது.

வேலையைப் பிரித்துக்கொண்ட பிடி

ஜெம்மால் முடியாத தடித்த கட்டுகளுக்கு வேறு தீர்வு வந்தது. வாஷிங்டனைச் சேர்ந்த லூயி பால்ட்ஸ்லி 1910இல் விண்ணப்பித்து 1915இல் காப்புரிமை பெற்ற பைண்டர் கிளிப். கறுப்பு நிற முக்கோண உடல், இரண்டு கம்பிக் கைப்பிடிகள். அவருடைய தந்தை எட்வின் எழுத்தாளர். கையெழுத்துப் படிகளைத் துளையிட்டு நூலால் தைத்து வைப்பார். நடுவில் ஒரு பக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் தையலைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். மகன் அதற்கு வழி தேடினார்.

அவர் செய்தது அடிப்படையான ஒரு பிரிவினை. ஜெம்மில் பிடிப்பதும் திறப்பதும் ஒரே கம்பியின் வேலை. அதனால்தான் இரண்டுமே அரைகுறையாக நடக்கின்றன. பைண்டர் கிளிப்பில் பிடிக்கும் வேலை கடினப்படுத்திய ஸ்பிரிங் எஃகுத் தகடுக்கு. திறக்கும் வேலை நெம்புகோலாக நீளும் கைப்பிடிகளுக்கு. தகடு எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் விரலுக்குச் சுமையில்லை. பிடித்து முடித்ததும் கைப்பிடிகளைத் தாள்மேல் படியவிடலாம். வேண்டாமென்றால் கழற்றியும் விடலாம். இதற்கு மூன்று உறுப்புகளும், இரண்டு வகை எஃகும் தேவை. விலையும் அதற்கேற்பக் கூடும். இது ஜெம்முக்குப் போட்டியாகாமல், ஜெம் எட்டாத இடத்தை நிரப்பியது. ஜெம்மின் குறைக்குக் காசு கொடுக்க ஆளிருந்த ஒரே இடம் அதுதான்: கட்டு சிதறினால் நட்டம் உடனே தெரியும்.

காப்பகத்தில்

சிதறிக் கிடக்கும் நட்டம் ஓரிடத்தில் மட்டும் குவிகிறது. அது ஆவணக் காப்பகம். கிளிப்புக்குப் போடும் துத்தநாகப் பூச்சு மெல்லியது. பூச்சிட்ட கம்பியை வெட்டும்போது வெட்டு முகத்தில் எஃகு வெறுமையாகவே நிற்கும். ஈரக்காற்று படும் கிடங்கில் சில பத்தாண்டுகள் கிடந்த கோப்பைத் திறந்தால் முதல் தாளிலும் கடைசித் தாளிலும் இரட்டை வளையத்தின் உருவம் பழுப்பாகப் பதிந்திருக்கும். அந்தக் கோட்டில் தாள் நொறுங்கும் அளவுக்கு உலர்ந்திருக்கும். கிளிப்பை இழுத்தால் அதே உருவத்தில் தாளும் பெயர்ந்து வரும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பழைய கோப்புகளோடு பழகியவர்களுக்கு இந்தப் பழுப்பு வளையம் நன்கு அறிமுகமானது. துருப்பிடித்த கிளிப் உள்ளே அடுத்தடுத்த தாள்களிலும் மேடுபள்ளத்தைப் பதிக்கிறது. கட்டின் ஒரு மூலை மட்டும் தடித்து, மேலே அடுக்கிய கோப்புகள் சாய்கின்றன.

ஆகவே காப்பகத்துக்கு வரும் தாள்களிலிருந்து உலோகப் பிடிகளைக் கழற்றுவது பாதுகாப்புப் பணியின் முதல் படிகளில் ஒன்றாகிவிட்டது. தாளை மேசையில் தட்டையாக வைத்து, கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவே மேலும் கீழுமாக மெல்லிய பாலியஸ்டர் பட்டையைச் செருகி, அதன்மேல் உள் வளையத்தைச் சற்றே தூக்கி விலக்க வேண்டும். கிளிப்பை இழுக்கவோ தாளை நகர்த்தவோ கூடாது. துரு தாளோடு ஒட்டியிருந்தால் நுண்ணிய கத்தி முனையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கிறார்கள். கட்டைச் சேர்த்தே வைக்க வேண்டியிருந்தால், அமிலமற்ற காகிதத் துண்டு ஒன்றை மடித்து மூலையில் வைத்து, அதன்மேல் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பை ஏற்றுவது ஒரு வழக்கம். உலோகமே வேண்டாமென்று, ஒவ்வொரு கட்டையும் தனித்தனிக் காகித மடிப்புக்குள் பொதிந்து வைப்பது இன்னொரு வழக்கம்.